குடியானவருக்கேற்ற பார வண்டி: நடுத்தரமா, பெரியதா?

சாகுபடிச் செலவுக்கு ஒழுங்காகக் கணக்கு எழுதும் குடியானவர்களுள்ளும், விளைபொருளைக் களத்திலிருந்து கடைக்குக் கொண்டுசேர்க்கும் செலவைத் தனியே எழுதி வைப்போர் சிலரே. விதை, எரு, கூலி ஆகியவற்றின் செலவைப் பைசா பிசகாமல் சொல்பவரும், வண்டி வாடகை எவ்வளவு என்று கேட்டால், ஏதோ ஆயிற்று என்று விட்டுவிடுவர். இவ்வாறு கணக்கில் ஏறாத செலவு ஒரு நாள் பெரிதாகத் தோன்றும். அப்பொழுது, வாடகை கொடுப்பதைவிடச் சொந்த வண்டியே மேல் என்ற எண்ணம் பிறக்கும். வாங்குவது என்று தீர்மானித்த பின்னர், வாங்குவதே வாங்குகிறோம், பெரியதாகவே வாங்கிவிடலாம் என்ற அடுத்த எண்ணமும் தொடர்ந்து வருகிறது. திருவண்ணாமலை ஜில்லாவில் நாலைந்து ஏக்கர் முதல் பத்துப் பதினைந்து ஏக்கர் வரை பயிரிடும் குடும்பங்களுக்கு இந்த இரண்டாவது எண்ணம் நன்மை தருவதா என்பது ஆராயத்தக்கது.

மோட்டார் வருமுன் இருந்த அளவை முதலில் கவனிப்பது நன்று. ஒரு ஜோடி மாடு பூட்டிய மரச் சக்கர வண்டி, நல்ல பாட்டையில் ஏறக்குறைய ஒரு டன் வரை இழுக்கும். கிராமத்துத் தெருக்களும், களத்துக்குச் செல்லும் வழிகளும், வாய்க்கால் மேலுள்ள சிறு பாலங்களும் அந்த ஒரு வண்டியின் அளவை ஒட்டியே அமைந்தன. கார்த்திகைத் தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையில் உழவு மாடு வாங்கச் செல்பவர், தம் வண்டிக்கும் தம் தீவனத்துக்கும் ஏற்ற ஜோடியையே தேடுவார். சந்தையிலேயே பெரிய ஜோடி எது என்று விசாரித்துக்கொண்டு திரிவதில்லை. மோட்டார் வண்டி வாங்கும்போது மட்டும் அந்த நிதானம் தவறிவிடுவது வியப்பே.

இப்பொழுது நாட்டில் கிடைக்கும் சிறு பார வண்டிகளை மூன்று தரமாகக் கொள்ளலாம். முதலாவது, 2005-ஆம் ஆண்டு மே மாதத்தில் டாட்டா கம்பெனியார் வெளியிட்ட ஏஸ் வண்டியும் அதன் இனமும். தமிழ்நாட்டில் இதற்குக் குட்டி யானை என்ற பெயர் நிலைத்துவிட்டது. முக்கால் டன் அளவில் ஏற்றும் இவ்வண்டி மிகச் சிறிய இடத்திலும் திரும்பும். இரண்டாவது, நடுத்தர பிக்கப் வண்டிகள். மஹிந்திரா பொலேரோ பிக்கப், 2011-இல் வெளிவந்து ஓசூரில் செய்யப்படும் அசோக் லேலண்ட் தோஸ்த், 2019-இல் வந்த டாட்டா இன்ட்ரா ஆகியவை இவ்வகையின. மாதிரிக்குத் தக்கபடி ஒரு டன்னிலிருந்து ஒன்றரை டன் வரையிலும், சில அதற்குச் சற்று மேலும் ஏற்றுகின்றன. மூன்றாவது, 1986-இல் வெளிவந்த டாட்டா 407 முதலாக, பதினான்கடிப் பெட்டியுள்ள ஐச்சர் முதலிய லாரிகள் வரை. இவை இரண்டே கால் டன்னும் அதற்கு மேலும் ஏற்றவல்லவை. குட்டி யானையின் குணமும் குறையும் பெரும்பாலோர் அறிந்ததே. ஐயம் எழுவதெல்லாம் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில்தான்.

வண்டியின் உருவம் பெரிதாயிருப்பதால் அது சுமக்கும் பாரமும் பெரிதாயிருக்கும் என்பது நிச்சயமல்ல. அமெரிக்காவில் பண்ணைக்காரர் பலர் ஓட்டும் ஃபோர்டு எஃப்-150, பக்கக் கண்ணாடிகளை நீக்கி அளந்தாலும் இரண்டு மீட்டருக்கு மேல் அகலமுள்ளது. அத்தனை பெரிய வண்டி ஏற்றுவது பெரும்பாலும் ஒரு டன்னுக்குள்ளேயே. அந்நாட்டார் அவ்வகையை அரை டன் வண்டி என்றே வழங்குவர். ஜப்பானிலோ, 3.4 மீட்டர் நீளமும் 1.48 மீட்டர் அகலமும் 660 கன சென்டிமீட்டர் எஞ்சினும் மேற்படக் கூடாதென்று விதியுள்ள சிறு லாரிகள் 350 கிலோ மட்டுமே ஏற்றினும், வயல் வரப்பின் ஓரம் வரை சென்று நிற்கின்றன. அந்நாட்டு நெற்குடியானவர் இவற்றை விரும்பி வைத்திருப்பதற்கு அதுவே காரணம்.

வண்டியின் அளவை அறுவடை நாளின் சுமையைக் கொண்டு தீர்மானிப்பதே பெரும்பாலோர் செய்யும் பிழை. அறுவடை ஆண்டில் சில நாட்களே. மற்ற நாட்களின் சுமையைக் கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். உதாரணமாக, திருவண்ணாமலைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தைக் கொள்வோம். இரண்டு ஏக்கர் நெல், இரண்டு ஏக்கர் மணிலா, ஓர் ஏக்கர் கத்தரி, இரண்டு கறவை மாடுகள். நெல் ஏக்கருக்கு 40 கிலோ மூட்டை அறுபது வீதம் 120 மூட்டை, எடை 4.8 டன். எட்டுக் கிலோமீட்டரில் உள்ள நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு, நடைக்கு முப்பது மூட்டையாக 1.2 டன் ஏற்றும் நடுத்தர வண்டி நான்கு நடை செல்ல வேண்டும். இரண்டரை டன் ஏற்றும் பெரிய வண்டிக்கு இரண்டு நடை போதும். மணிலா ஏக்கருக்கு ஒரு டன் காயென்று வைத்தால், நடுத்தர வண்டிக்கு இரண்டு நடை, பெரியதற்கு ஒன்று. ஆக, ஆண்டு முழுவதிலும் பெரிய வண்டியால் மிச்சமாவது மூன்று நடை. போக வர 48 கிலோமீட்டர்.

இனிக் கத்தரியைப் பார்க்கலாம். நான்கைந்து நாளுக்கு ஒரு பறிப்பு. ஏக்கருக்குப் பறிப்பொன்றில் 350 கிலோ என்று கொண்டால், பருவம் முடிய முப்பது பறிப்பு வரை வரும். இந்த முப்பது நாளும் வண்டி விடியற்காலையில் நகரத்துச் சந்தைக்குப் போய் வர வேண்டும். சொந்தக் கத்தரி மட்டும் ஏற்றினால் நடுத்தர வண்டியிலும் மூன்றில் இரண்டு பங்கு வெறுமையே. பெரிய வண்டியில் ஏழில் ஆறு பங்கு வெறுமை. பக்கத்து இரண்டு வீட்டாரின் கத்தரியையும் சேர்த்துக்கொண்டால் ஒரு டன்னுக்குச் சற்று மேலாகி நடுத்தர வண்டி சரியாக நிறைந்துவிடும். மூன்று வீட்டார் பேசி ஒரே நாளில் பறிப்பது நடக்கக்கூடிய காரியம். பெரிய வண்டி நிறைய வேண்டுமாயின் ஏழு வீட்டார் ஒரே நாளில் பறிக்க வேண்டும். ஏழு கொல்லைகளிலும் நின்று ஏற்றிக்கொண்டு புறப்படுவதற்குள் சந்தையில் முதல் விலை போய்விடும். காய்கறியில் அரை மணி நேரத் தாமதம் கிலோவுக்கு இரண்டொரு ரூபாயைக் குறைத்துவிடக்கூடும் என்பதைப் பயிரிடுவோருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டீசல் செலவும் இக்கணக்கைச் சேர்ந்ததே. நடுத்தர வண்டி லிட்டருக்கு 13 கிலோமீட்டரும் பெரிய வண்டி 9 கிலோமீட்டரும் ஓடுவதாக உத்தேசமாகக் கொள்ளலாம். முப்பது பறிப்புக்கு ஐம்பது கிலோமீட்டர் வீதம் 1,500 கிலோமீட்டர் ஓட, முன்னதற்கு 115 லிட்டரும் பின்னதற்கு 167 லிட்டரும் செலவாகும். அறுவடையில் மிச்சப்பட்ட மூன்று நடையின் டீசல், இந்த 52 லிட்டர் நஷ்டத்தில் ஒரு சிறு பங்குக்கும் ஈடாகாது.

இவற்றினும் பெரிது கடன் தவணை. நூற்றுக்குப் பத்து வட்டியில் ஐந்து வருஷத் தவணையாக வாங்கும் ஒவ்வொரு லட்சம் ரூபாய்க்கும் மாதம் சுமார் 2,125 ரூபாய் கட்ட வேண்டிவரும். இரு தரங்களுக்கும் கிரய வித்தியாசம் மூன்று லட்சம் என்று வைத்துக்கொண்டால், பெரிய வண்டிக்காரர் மாதந்தோறும் 6,374 ரூபாய், வருஷத்துக்கு 76,000 ரூபாய்க்கு மேல் அதிகமாகக் கட்டுவார். அறுவடைக் காலத்தில் மூன்று நடை மிச்சம் பிடிப்பதற்கு இத்தனை தொகை கொடுப்பது எந்த வகையிலும் சிக்கனமாகாது. அந்த ஒரு வாரத்துக்கு வாடகை லாரி அமர்த்துவதே போதும். டிராக்டரும் டிரெயிலரும் உள்ள வீட்டில் அதுவும் வேண்டியதில்லை. ஏக்கருக்கு ஐந்து டன் வீதம் இட வேண்டிய தொழுவுரத்தையும், பக்கத்துக் கொள்முதல் நிலையத்துக்கு நெல்லையும் டிரெயிலரே கொண்டுபோகும். அதனால் இயலாதது தூரமும் வேகமும். அவ்விரண்டுக்கும் பிக்கப் வண்டி உதவும்.

உண்மையைச் சொல்லுமிடத்து, மேற்சொன்ன ஐந்து ஏக்கர் குடும்பம் தனக்கென்று மட்டும் எந்த வண்டியும் வாங்குவது யோசிக்கத்தக்கதே. ஆண்டில் நாற்பது நாள் வேலைக்காக 325 நாள் கொட்டகையில் நிற்கும் வண்டிக்கும் இன்ஷூரன்ஸ் உண்டு, தவணை உண்டு, டயரும் மூப்படையும். அண்டை வீட்டார் சுமையையும் முறையாக ஏற்றி, வருஷத்தில் பாதி நாளாவது வண்டி ஓடுமென்று எழுதிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பின்னரே முன்பணம் கட்டுதல் நலம்.

சட்டத்திலும் இவ்விரு தரங்களுக்கும் ஒரு முக்கிய வேற்றுமை உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவுப்படி, வண்டியும் பாரமும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. நடுத்தர பிக்கப் மாதிரிகள் பல இந்த எல்லைக்குச் சற்றே கீழாக அமைக்கப்பட்டிருக்கின்றன. மொத்த எடை நான்கு டன்னைத் தாண்டும் 407 முதலியவற்றுக்குப் பெர்மிட் பெற வேண்டும், காலத்தில் புதுப்பிக்கவும் வேண்டும். பிக்கப் என்ற பெயர் கொண்டவை யாவும் 3,000 கிலோவுக்குள் அடங்குமென்று எண்ணிவிடக் கூடாது. அதே பெயரில் பாரம் கூடிய மாதிரிகள் எல்லைக்கு மேலும் உண்டு. வாங்குமுன் மொத்த எடை எவ்வளவென்று எழுத்தில் கேட்டறிதல் அவசியம். பெர்மிட் வேண்டாமென்பதால் பிற தஸ்தாவேஜுகளும் வேண்டாமென்பதில்லை. பதிவு, வரி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, தகுதிச் சான்று ஆகியவை இரு தரத்துக்கும் பொது. புது வண்டிக்கு முதல் இரண்டு வருஷமும், எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கொருமுறையும், பிறகு வருஷந்தோறும் தகுதிச் சான்று என்பது இப்போதைய விதி.

ஓட்டும் லைசென்ஸில் வேற்றுமை இல்லை. மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை, இலகு வாகன லைசென்ஸ் உடையவர் தனிக் குறிப்பு இல்லாமலே ஓட்டலாமென்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் 2024 நவம்பர் 6-இல் தீர்ப்பளித்தனர். ஆகவே, பெரிய வண்டிக்கு வேறு லைசென்ஸ் வேண்டுமே என்ற கவலையால் சிறியதை வாங்க வேண்டியதில்லை.

இனி வழி. பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2000-இல் தொடங்கியது முதல் போடப்படும் கிராமத் தார்ச் சாலைகளின் அகலம் பெரும்பாலும் 3.75 மீட்டர், போக்குவரத்துக் குறைந்த இடங்களில் 3 மீட்டர். நடுத்தர பிக்கப்பின் அகலம் சுமார் 1.7 மீட்டர். இத்தகைய வண்டிகள் இரண்டு 3.75 மீட்டர்ச் சாலையில் எதிர்ப்பட்டால், வேகம் குறைத்து ஒதுங்கிச் செல்லலாம். ஏறக்குறைய இரண்டு மீட்டர் அகலமுள்ள லாரிகள் இரண்டு எதிர்ப்பட்டால், ஒன்று ஓரத்து மண்ணில் இறங்கியே தீர வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் அம்மண்ணில் இறங்கிய பாரவண்டி எளிதில் ஏறுவதில்லை. களத்து வழியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூட்டைகளைச் சாலை வரை தலைச்சுமையாகக் கொண்டுவந்து ஏற்ற நேர்ந்தால் அந்தக் கூலியும் வண்டிச் செலவே.

நகரத்துக்குள்ளும் அப்படியே. சாதாரண நாட்களில் திருவண்ணாமலைக் கடைத்தெருக்களில் விடியுமுன் சரக்கு இறக்கிவிட்டு வெளியேற நடுத்தர வண்டியால் இயலும். பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஜனத்திரள் நிறைவதும், தீப நாட்களில் போலீசார் வண்டிகளை நகருக்கு வெளியே திருப்பிவிடுவதும் யாவரும் அறிந்தவை. அந்நாட்களில் எத்தரத்து வண்டியும் பயன்படாது. பஞ்சாங்கம் பார்த்துப் பறிப்பை ஒரு நாள் முன்னதாக வைத்துக்கொள்வதே வழி. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து ஜவ்வாது மலைக் குடியானவர்களுக்கோ, சாமையும் புளியும் பலாவும் இறக்குவதற்கு, மலைப்பாதை வளைவுகளில் ஒரே முறையில் திரும்பும் குறுகிய வண்டியே பாதுகாப்பானது.

பெரிய வண்டியே பொருந்தும் இடங்களும் உண்டு. வைக்கோல் எடையில் குறைந்து இடத்தை மிகுதியாக அடைப்பது. அதை வெளியூருக்கு விற்பவருக்குப் பெட்டியின் நீளமே முக்கியம். ஆரணி, சேத்துப்பட்டுப் பக்கங்களில் நெல் வாங்கி அரிசி ஆலைக்கு அனுப்பும் வியாபாரிக்கும், நெடுந்தூரத்திலுள்ள கோயம்பேடு சந்தைக்கு நாள்தோறும் முழுப் பாரம் சேர்த்தனுப்பும் உற்பத்தியாளர் கம்பெனிக்கும் டன்னுக்காகும் செலவு பெரிய வண்டியில்தான் குறையும். தினமும் நிறையும் என்ற உறுதியே அதன் லாபத்துக்கு ஆதாரம். கரும்புக்கு இவ்விரண்டுமே பற்றா. அது பெரிய லாரிக்கும் டிராக்டருக்கும் உரிய சுமை.

நடுத்தர வண்டி வாங்கியவர் செய்யும் பிழை வேறு. ஒன்றேகால் டன் வண்டியில் இரண்டு டன் ஏற்றினாலும் அன்றைக்கு ஓடத்தான் செய்கிறது. அதனால் தைரியம் கொள்வர். கூடுதலாக ஒரு பட்டையைச் சேர்த்து வில்லை உரப்படுத்திக்கொள்வதும் வழக்கமாயிருக்கிறது. வில் தாங்கினாலும் பிரேக் அதே பிரேக்தான். ஆக்ஸிலும் டயரும் கம்பெனியார் குறித்த பாரத்துக்கே செய்யப்பட்டவை. சட்டம் 2019-இல் திருத்தப்பட்ட பின், மிகுபாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அதிகப் பாரத்தை இறக்கிய பின்னரே வண்டி நகரலாம். வழியில் இறக்கிய கத்தரிக்காய்க்கு விலை சொல்வார் யார்? முதல் நான்கைந்து நடைகளை எடை மேடையில் நிறுத்திப் பார்த்து, எத்தனை மூட்டைக்கு எவ்வளவு எடை என்று கதவின் உட்புறத்தில் எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

கிராம உத்தியோகஸ்தர்களும் குடும்பத் தலைவர்களும் மிகுதியாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று. பின்பெட்டி காலியாயிருக்கும் வண்டியில் நடவு ஆட்களையும், கோயிலுக்குச் செல்லும் உறவினரையும் ஏற்றிச் செல்லும் வழக்கம் இந்த ஜில்லாவில் பரவியிருக்கிறது. ஜவ்வாது மலைத்தொடரின் திருப்பத்தூர்ப் பக்கத்தில், 2022 ஏப்ரல் 2-ஆம் தேதி, மலைக்கோயிலுக்குச் சென்ற கிராமத்தாரை ஏற்றிய சரக்கு வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெரிய பெட்டியில் அதிகம் பேர் ஏறுவர் என்பது தவிர, இவ்வபாயத்தில் தர வேற்றுமை இல்லை.

உயிர்ச்சேதத்தின் பின்னால் வருவதையும் அறிந்திருக்க வேண்டும். சரக்கு வண்டியில் சும்மா ஏற்றிச் செல்லப்படும் பிரயாணிகளுக்கு நேரும் நஷ்டத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்லவென்று சுப்ரீம் கோர்ட் 2002-இல் ஆஷா ராணி வழக்கில் முடிவு செய்தது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பாதுகாப்புப் பெற்றவர், ஏற்றிய சரக்கின் உடைமையாளரோ அவருடைய பிரதிநிதியோதான். ஆகவே நஷ்ட ஈடு வண்டிக்காரர் தலைமேல் விழும். கம்பெனி முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு அவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளுமாறு கோர்ட்டார் உத்தரவிடுவதும் உண்டு. அவ்வாறு வசூலிக்கும்போது வீடும் நிலமும் ஜப்திக்கு உள்ளாகலாம். பத்து லட்ச ரூபாய் வண்டியால், பாட்டன் காலத்து நிலம் கைமாற நேரிடுமென்பதை வண்டி வாங்கும் அன்றே வீட்டிலுள்ள எல்லோருக்கும், முக்கியமாக வண்டி ஓட்டப்போகும் இளைஞருக்கும், சொல்லிவிட வேண்டும். ஆட்களையும் அழைத்துச் செல்வது தவிர்க்க முடியாததாயின், பொலேரோ கேம்பர் போன்ற இரட்டை வரிசை இருக்கையுள்ள வண்டி சாரதி உட்பட ஐவரைச் சட்டப்படி கொண்டுசெல்லும். பெட்டி குறுகி, பாரம் ஒரு டன் அளவில் நிற்கும். திருவிழாவுக்கு முன் வாரத்தில் தண்டோராவிலோ ஒலிபெருக்கியிலோ இதை ஒரு முறை அறிவிப்பது கிராம நிர்வாக அலுவலருக்குப் பெரிய வேலையன்று.

பழைய வண்டி வாங்குவோர் பெயிண்டையும் இருக்கை உறையையும் பார்த்து மயங்காமல், வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். பின் வில்லில் கம்பெனி வைத்ததற்கு மேல் பட்டை சேர்த்திருந்தால் அது மிகுபாரம் சுமந்த வண்டி. சட்டத்தில் வெல்டிங் வைத்த தழும்பு, பின்டயர் ஒருபுறமாகத் தேய்ந்திருத்தல், வெறும் வண்டியாக நிற்கும்போதே பின்புறம் தாழ்ந்திருத்தல் ஆகியவையும் அதற்கே சாட்சி. எஞ்சினைச் சூடேறாத நிலையில் காலையில் முடுக்கச் சொல்லிப் பார்ப்பதும், பாரம் ஏற்றி ஒரு மேட்டில் ஓட்டிப் பார்ப்பதும் நலம். பதிவுப் புத்தகத்தில் கடன் கொடுத்தவர் பெயர் இருந்தால், அவர் கையொப்பமிட்ட 35-ஆம் எண் படிவம் கைக்கு வந்து, 29, 30-ஆம் எண் படிவங்களிலும் விற்பவர் கையொப்பமிட்ட பின்னரே மீதித் தொகையைக் கொடுக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் பாலிசியும் வாங்கியவர் பெயருக்கு மாறும் வரை, அறுவடை எவ்வளவு அவசரமாயிருப்பினும், வண்டியைக் களத்துக்கு ஓட்டலாகாது.